செல்டிக் கழகமும் ஐரோப்பியக் கிண்ணமும்

விளையாட்டுக் கழகம் ஒன்றின் தகுதியை அறிய விரும்புவோர் முதலில் நாடுவது அதன் வெற்றி தோல்விப் பட்டியலையேயாகும். எத்தனை கிண்ணங்கள், எத்தனை இறுதியாட்டங்கள் என எண்ணிப் பார்த்து, எண்ணிக்கை பெரிதாயின் கழகமும் பெரிது என்று முடிவு கட்டுவது உலக வழக்கம். இந்த அளவுகோலைக் கொண்டு ஸ்கொட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரத்துச் செல்டிக் உதைபந்தாட்டக் கழகத்தை அளந்தால், கிடைக்கும் விடை அத்துணைச் சிறப்புடையதன்று. ஐரோப்பியக் கழகங்களுக்கான தலைமைக் கிண்ணத்தை அது வென்றது ஒரேயொரு முறை. வேறு இரண்டு ஐரோப்பிய இறுதியாட்டங்களில் அது தோல்வியுற்றது. மட்ரிட் நகரத்து ரியல் கழகமோ அதே தலைமைக் கிண்ணத்தை 2024 ஆம் ஆண்டு வரையில் 15 முறை தனதாக்கியுள்ளது. அவ்வாறிருந்தும், உதைபந்தாட்டத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் எவரும் செல்டிக் கழகத்தின் அந்த ஒற்றை வெற்றியைக் கடந்து சென்றாரல்லர். அதற்குரிய காரணம் யாது? அவ்வெற்றி ஏன் மீண்டும் வாய்க்கவில்லை? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண முயல்வதே இப்பேச்சின் நோக்கமாகும்.

நேயர்களே, இக்கழகத்தின் தோற்றமே சிந்தனைக்குரியது. 1840 களில் அயர்லாந்தை வாட்டிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தின் பின்னர், பிழைப்பை நாடிக் கிளாஸ்கோ நகருக்குக் குடிபெயர்ந்த அயர்லாந்து மக்கள் பலர். நகரின் கிழக்குப் பகுதியில் நெருக்கமாகக் குடியிருந்த அவர்களுடைய பிள்ளைகள் பசியோடு பாடசாலை சென்றனர். பலர் பாடசாலைக்குச் செல்லாமலே விட்டனர். அப்பகுதியில் பாடசாலை அதிபராகப் பணியாற்றியவர் வோல்பிரிட் என்னும் அருட்சகோதரர். மரிஸ்ட் சபையைச் சேர்ந்த அவர் அயர்லாந்தின் ஸ்லைகோ மாவட்டத்திலே பிறந்தவர். பசித்த வயிற்றில் கல்வி ஏறாது என்பதை அனுபவத்தால் உணர்ந்த அவர், ஏழைப் பிள்ளைகளுக்கு உணவளிக்கும் நிதியொன்றை நடத்தி வந்தார். அந்நிதிக்குப் பொருள் தேடும் பொருட்டு 1887 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 6 ஆம் திகதி ஒரு தேவாலய மண்டபத்திலே தொடங்கப்பட்டதே செல்டிக் கழகம். அடுத்த ஆண்டு மே மாதத்தில் நடைபெற்ற அதன் முதலாவது ஆட்டத்தில், பிற்காலத்தில் அதன் பெரும் போட்டியாளராக விளங்கிய ரேஞ்சர்ஸ் கழகத்தை அது 5 கோல்களுக்கு 2 என்ற கணக்கில் வென்றது.

தொண்டுக்கெனத் தோன்றிய கழகம் நெடுங்காலம் தொண்டாகவே நிலைக்கவில்லை. சம்பளம் பெற்று ஆடும் முறை ஸ்கொட்லாந்தில் 1893 இல் அனுமதிக்கப்பட்டது. 1897 இல் கழகம் வரையறுக்கப்பட்ட கம்பனியாக மாறியது. வருவாயும் பங்குலாபமும் பேசப்படலாயின. எனினும், இது எங்கள் தெருவின் கழகம், எங்கள் பிள்ளைகளின் கழகம் என்ற உணர்வு மட்டும் கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதி மக்களிடமிருந்து அகலவில்லை. கழகத்தின் பிற்கால வரலாற்றுக்கு இவ்வுணர்வே அடித்தளமாயிற்று.

ஐரோப்பியக் கிண்ணப் போட்டி 1955 இல் தொடங்கியது. அதிற் பங்குபற்றிய முதலாவது ஸ்கொட்லாந்துக் கழகம் எடின்பரோ நகரத்து ஹிபேர்னியன் ஆகும். செல்டிக் கழகம் கடல் கடந்த போட்டியொன்றில் இறங்குவதற்கு மேலும் ஏழாண்டுகள் சென்றன. 1962 இல் வேறொரு ஐரோப்பியக் கிண்ணத்துக்காக ஸ்பெயின் நாட்டின் வலன்சியா கழகத்தை எதிர்கொண்டு முதற் சுற்றிலேயே அது வெளியேறியது. ஈராண்டு கழித்து, கிண்ண வெற்றியாளருக்கான போட்டியின் அரையிறுதியை அது எட்டியபோது நிகழ்ந்தது இதனினும் பெரியதொரு பாடம். புடாபெஸ்ட் நகரத்து எம். டி. கே. கழகத்தைக் கிளாஸ்கோவில் 3 கோல்களால் வென்றுவிட்டு ஹங்கேரிக்குச் சென்ற செல்டிக் வீரர்கள், அங்கு 4 கோல்களைக் கொடுத்து ஒன்றையும் பெறாது திரும்பினர். இளமையும் வேகமும் அவர்களிடம் நிறைந்திருந்தன. பெற்ற முன்னிலையைக் காத்துக்கொள்ளும் அறிவை ஊட்டுவதற்குத்தான் அவர்களுக்கு ஓர் ஆசான் இருக்கவில்லை.

அவ்வாசான் 1965 ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே வந்து சேர்ந்தார். ஜொக் ஸ்டீன் என்பது அவர் பெயர். கிளாஸ்கோவை அடுத்த லனார்க்ஷயர் நிலக்கரிப் பிரதேசத்திலே பிறந்து, இளமையில் சுரங்கத்துள் இறங்கி உழைத்தவர். செல்டிக் கழகத்தின் அணித்தலைவராக ஆடிவந்த அவர், கணுக்கால் ஊனத்தால் ஆட்டத்தை விட நேர்ந்தபோது, அங்கேயே இளம் வீரர்களுக்குப் பயிற்சியளித்தார். பின்னர் வேறிரு கழகங்களை நடத்தி அனுபவம் பெற்று, முகாமையாளராகத் திரும்பி வந்தார். கத்தோலிக்கர்களால் தொடங்கப்பட்ட இக்கழகத்தின் முகாமையாளர் பதவியில் அமர்ந்த முதலாவது புரட்டஸ்தாந்தர் அவரே. சமயப் பிரிவினையால் நீண்டகாலம் பிளவுண்டிருந்த கிளாஸ்கோ நகரிலே இது சிறிய செய்தியன்று. அவர் அமைத்த அணியிலும் இரு பிரிவினரும் தோளோடு தோள் நின்று ஆடினர். திறமையைப் பார்த்தே ஸ்டீன் ஆளைத் தெரிந்தார்.

ஸ்டீன் புதிதாகக் கண்டுபிடித்தது மந்திரமன்று; முறையான பயிற்சியேயாகும். அந்நாளில் பல கழகங்களின் பயிற்சி, மைதானத்தைச் சுற்றி ஓடுவதோடு முடிந்துவிடும். ஸ்டீன் பந்தைக் கொண்டே பயிற்சியளித்தார். 1963 இல், வேறொரு கழகத்தை நடத்திய காலத்தில், அவர் இத்தாலிக்குச் சென்று இன்டர் மிலான் கழகத்தின் புகழ்பெற்ற பயிற்றுநரான எலெனியோ எரேரா தம் வீரர்களைப் பழக்கும் முறையை நேரிற் கண்டு வந்தார். எரேராவின் உழைப்பையும் ஒழுங்கையும் அவர் ஏற்றுக்கொண்டார். அவருடைய ஆட்டக் கொள்கையை ஏற்றுக்கொள்ளவில்லை. எரேராவின் அணி தன் கோலைக் காப்பதையே முதற்கடனாகக் கொண்டிருந்தது. இத்தாலியர் அம்முறைக்கு இட்ட பெயரின் பொருள் தாழ்ப்பாள் என்பதாகும். ஒரு கோலைப் போட்டுவிட்டுக் கதவைத் தாழிட்டுக்கொள்வதே அதன் சாரம். ஸ்டீன் விரும்பியதோ கதவைத் திறந்து வெளியேறித் தாக்கும் ஆட்டம். நான்காண்டுகளின் பின்னர் இவ்விரு கொள்கைகளும் ஒரே மைதானத்தில் எதிரெதிரே நிற்குமென்று அன்று எவர் கண்டார்?

1965 இல் ஸ்கொட்லாந்துக் கிண்ணம் கைக்கு வந்தது. 1966 இல் கிண்ண வெற்றியாளருக்கான போட்டியின் அரையிறுதியில், முதலாட்டத்தில் லிவர்பூல் கழகத்தை 1 கோலால் வென்ற செல்டிக், மறு ஆட்டத்தில் 2 கோல்களால் தோற்றது. அவ்வாண்டே ஸ்கொட்லாந்துத் தொடர்போட்டியிலும் முதலிடம் கிட்டியதனால், 1966 இன் இலையுதிர் காலத்திலே முதன்முறையாக ஐரோப்பியக் கிண்ணத்திற் கலந்துகொள்ளும் உரிமை பிறந்தது.

முதற் சுற்றில் சுவிற்சர்லாந்தின் சூரிச் கழகம் இரு ஆட்டங்களிலும் தோற்றது. இரண்டாம் சுற்றில் பிரான்சின் நான்ற் கழகத்தைச் செல்டிக் வீரர் இரு ஆட்டங்களிலும் 3 கோல்களுக்கு 1 என்ற கணக்கிலேயே வென்றனர். டிசம்பர் மாதத்திலே, அதுவரை கோல்களைக் குவித்து வந்த ஜோ மக்பிரைட் முழங்காற் காயத்தால் ஆட்டத்தை விட்டு நீங்கினார். கழகம் தளரவில்லை. அம்மாதத்திலேயே எடின்பரோவிலிருந்து வந்து சேர்ந்திருந்த வில்லி வொலஸ் இடைவெளியை நிரப்பினார்.

காலிறுதியே மிகக் கடினமான படியாயிற்று. யூகோஸ்லாவியாவின் வொய்வொடினா கழகம் தன் சொந்த மைதானத்தில் 1 கோலால் வென்றது. கிளாஸ்கோவில் நடைபெற்ற மறு ஆட்டத்தில் ஸ்டீவ் சாமர்ஸ் ஒரு கோலைப் போட்டுக் கணக்கைச் சமப்படுத்தினார். நேரம் முடியும் தறுவாயில் கிடைத்த மூலை உதையொன்றை அணித்தலைவர் பில்லி மக்னீல் தலையால் முட்டிக் கோலாக்கினார். மூன்றாவது ஆட்டமொன்றுக்கு இரு கழகங்களும் ஆயத்தமாகிக்கொண்டிருந்த வேளையில் ஒரே நொடியில் எல்லாம் முடிந்துவிட்டது. அரையிறுதியில் பிராக் நகரத்து டுக்லா கழகத்தைக் கிளாஸ்கோவில் 3 கோல்களுக்கு 1 என வென்ற செல்டிக், பிராக் நகரிலே கோல் எதுவும் கொடாது நின்றது. அந்த ஒரு நாள் மட்டும் ஸ்டீன் தம் கொள்கையைச் சற்றே ஒதுக்கிவைத்துத் தற்காப்பு ஆட்டத்தை ஆடச்செய்தார். புடாபெஸ்டில் கற்ற பாடம் வீண்போகவில்லை எனலாம்.

1967 ஆம் ஆண்டு மே மாதம் 25 ஆம் திகதி, போர்த்துக்கலின் தலைநகராகிய லிஸ்பன் நகரின் தேசிய விளையாட்டரங்கிலே இறுதியாட்டம் நடைபெற்றது. எதிரணி வேறெதுவுமன்று, எரேராவின் இன்டர் மிலான் அணியே. 1964 இலும் 1965 இலும் அது ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றிருந்தது. அவ்விரு ஆண்டுகளிலும் தென்னமெரிக்கக் கழகங்களையும் வென்று உலகின் தலைசிறந்த கழகமென்னும் பெயரையும் பெற்றிருந்தது. அதன் சிறந்த வீரர்களுள் ஒருவரான சுவாரெஸ் காயத்தால் அன்று ஆடவில்லை என்பது உண்மையே. ஆயினும், வெற்றி இத்தாலியருடையதே என்று எண்ணியிருந்தோர் பலர்.

ஏழாவது நிமிடத்தில் அவ்வெண்ணம் உறுதிப்படுவது போலத் தோன்றியது. செல்டிக் வீரர் ஜிம் கிரேக் தம் கோலருகே எதிரியொருவரை வீழ்த்தினார் என மத்தியஸ்தர் தீர்த்தார். கிடைத்த தண்ட உதையை மசோலா கோலாக்கினார். இன்டர் அணி தன் வழக்கப்படி கதவைத் தாழிட்டது. அதன்பின் ஏறக்குறைய ஒரு மணிநேரம் நிகழ்ந்தது ஒருபக்க ஆட்டமேயாகும். செல்டிக் வீரரின் உதைகள் இருமுறை குறுக்குக் கம்பத்திற் பட்டுத் திரும்பின. மற்றவற்றை இத்தாலியரின் கோல் காப்பாளர் சார்ட்டி தாவியும் விழுந்தும் தடுத்தார். முன்வரிசை வீரர்களை மட்டும் காவல்செய்யப் பழகிய இத்தாலியர், பின்வரிசையிலிருந்து ஓடிவந்து தாக்குவோரை எவ்வாறு தடுப்பது என்று அறியாது திகைத்தனர். ஈற்றில் தாழ்ப்பாள் உடைந்ததும் அவ்விதமே. 63 ஆவது நிமிடத்தில், தண்ட உதைக்குக் காரணமாயிருந்த அதே கிரேக் பந்தைக் கொடுக்க, இடது பின்காவலரான ரொமி ஜெமல் தொலைவிலிருந்து உதைத்துக் கோல் போட்டார். கொடுத்தவரும் பின்வரிசை வீரர். உதைத்தவரும் பின்வரிசை வீரர். 84 ஆவது நிமிடத்தில் பொபி மேர்டொக் உதைத்த பந்தைச் சாமர்ஸ் காலால் திருப்பிக் கோலினுள் செலுத்தினார். 2 கோல்களுக்கு 1 என்ற கணக்கில் கிண்ணம் கிளாஸ்கோவுக்குச் சென்றது. ஐரோப்பியக் கிண்ணத்தைப் பெற்ற முதலாவது பிரித்தானியக் கழகம் செல்டிக்கே. அந்த ஓராண்டில் அது கலந்துகொண்ட ஐந்து போட்டிகளிலும், உள்நாட்டுப் போட்டிகள் நான்கு உட்பட, அதற்கே வெற்றி கிட்டியது.

இவ்வெற்றியின் உண்மையான வியப்பு கோல் கணக்கில் இல்லை. ஆடியோரின் பிறப்பிடங்களில் இருக்கிறது. அன்று ஆடிய பதினொருவரும் செல்டிக் மைதானத்திலிருந்து 30 மைல் தூரத்துக்குள்ளே பிறந்தவர்கள். ஆர்ட்ரொசன் துறைமுகத்தை அடுத்த சோல்ட்கோட்ஸ் என்னும் கடற்கரை ஊரிலே பிறந்த பொபி லெனொக்ஸ் ஒருவரே அவ்வளவு தூரத்திலிருந்து வந்தவர். ஏனையோர் இன்னும் அண்மையிலுள்ளோர். கோல் காப்பாளர் ரொனி சிம்சனுக்கு அப்போது வயது 36; பிறிதொரு கழகத்தால் வேண்டாமென விடப்பட்டு வந்தவர் அவர். ஜிம் கிரேக் பல்மருத்துவம் கற்றுப் பட்டம் பெற்றவர். சிறிய உருவினரான ஜிமி ஜோன்ஸ்டன், எதிரிகள் இருவர் மூவரை வளைந்து வளைந்து கடந்து செல்லும் ஆற்றல் படைத்தவர். இவர்கள் ஒரே பேச்சைப் பேசியவர்கள். ஒரே மழையில் நனைந்து பந்துதைத்து வளர்ந்தவர்கள். உலகெங்கும் தேடிப் பொன் கொடுத்து வாங்கிய அணியன்று அது. ஒரு நகரமும் அதன் சுற்றுப்புறமும் ஈன்ற அணி. ஒரு பெருநாட்டின் பணம்படைத்த கழகத்தை ஒரு சிறுநாட்டின் அயலவர் பதினொருவர் வெல்ல முடியுமா என்ற வினாவுக்கு அன்று லிஸ்பன் நகரிலே விடை கிடைத்தது. லிஸ்பன் சிங்கங்கள் என்று மக்கள் அவர்களை அழைக்கலாயினர்.

வெற்றியின் மறுபக்கத்தையும் மறைத்தல் தகாது. அவ்வாண்டு இறுதியிலேயே, தென்னமெரிக்க வெற்றியாளராகிய ஆர்ஜென்ரீனாவின் ரேசிங் கழகத்துடன் உலகக் கழகக் கிண்ணத்துக்காகச் செல்டிக் மோதியது. கிளாஸ்கோவில் மக்னீல் போட்ட கோலால் செல்டிக் வென்றது. ஆர்ஜென்ரீனாவில் ஆட்டம் தொடங்குமுன்னரே கூட்டத்திலிருந்து எறியப்பட்ட பொருள் தலையிற் பட்டுச் சிம்சன் ஆட இயலாதவரானார். அவ்வாட்டத்தில் ரேசிங் கழகம் 2 கோல்களுக்கு 1 என வென்றமையால், மொன்ரவிடேயோ நகரில் மூன்றாவது ஆட்டம் வேண்டியதாயிற்று. நவம்பர் 4 ஆம் திகதி நடைபெற்ற அது ஆட்டமாக அமையவில்லை, அடிதடியாகவே அமைந்தது. இரு பக்கத்திலும் பலர் வெளியேற்றப்பட்டனர். செல்டிக் 1 கோலால் தோற்றது. எதிரியே முதலில் தீங்கு செய்தான் என்று சொல்லித் தப்பிக்கொள்ளக் கழகத்துக்கு வழி இருந்தது. ஆயினும், நாடு திரும்பியபின் கழகம் தன் வீரர்களுக்கே அபராதம் விதித்தது. பிறர் செய்த பிழை தன் பிழைக்கு நியாயமாகாது என்ற கொள்கையை, கிண்ணம் இழந்த அவமானத்தின் நடுவிலும் அக்கழகம் கைவிடாதது குறிப்பிடத்தக்கது.

லிஸ்பன் வெற்றி குருட்டதிர்ஷ்டமோ என ஐயுறுவார்க்கு அடுத்த ஏழாண்டுகளே பதிலாகும். 1967 இன் இலையுதிர் காலத்தில் கீவ் நகரத்து டைனமோ கழகத்திடம் முதற் சுற்றிலேயே தோற்றுவிட்டது உண்மைதான். ஆனால் 1970 இல் செல்டிக் மீண்டும் இறுதியாட்டத்தை எட்டியது. வழியிலே லிஸ்பன் நகரத்து பென்பிக்கா கழகத்துடன் விசித்திரமான ஒரு முடிவு நேர்ந்தது. கிளாஸ்கோவில் செல்டிக் 3 கோல்களால் வெல்ல, லிஸ்பனில் பென்பிக்கா 3 கோல்களால் வென்றது. மேலதிக நேரத்திலும் சமநிலை நீங்காமையால், அக்கால விதிப்படி நாணயம் சுண்டப்பட்டது. மக்னீல் தலை என்றார், தலையே விழுந்தது. அரையிறுதியில் இங்கிலாந்தின் லீட்ஸ் கழகத்தைச் செல்டிக் இரு ஆட்டங்களிலும் வென்றது. கிளாஸ்கோவின் ஹம்ப்டன் அரங்கில் நடைபெற்ற ஆட்டத்தைக் கண்டவர்கள் 136,505 பேர். ஐரோப்பியக் கிண்ண ஆட்டமொன்றுக்கு அதைவிடப் பெரிய கூட்டம் என்றும் கூடியதில்லை.

லீட்ஸ் கழகத்தை வென்றபின், கிண்ணம் கைக்கு வந்துவிட்டதென்றே பலர் நினைத்தனர். மிலான் நகரில் மே மாதம் 6 ஆம் திகதி எதிர்ப்பட்ட ஒல்லாந்தின் பெயனூர்ட் கழகத்தை அவர்கள் போதியளவு மதிக்கவில்லை. ஜெமல் முதற் கோலைப் போட்டாலும், விரைவிலேயே அது சமன் செய்யப்பட்டது. மேலதிக நேரம் முடிய மூன்றே நிமிடங்கள் இருக்கையில் சுவீடன் நாட்டவரான கின்ட்வால் போட்ட கோலால் பெயனூர்ட் வென்றது. மூன்றாண்டுகளுக்கு முன் இன்டர் கழகம் செல்டிக்கைக் குறைத்து மதித்துத் தோற்றது. இப்போது செல்டிக் பெயனூர்ட்டைக் குறைத்து மதித்துத் தோற்றது. அன்று பெயனூர்ட் அணியில் ஆடிய விம் ஜான்சன் என்பவரே 1997 இல் செல்டிக் கழகத்தின் பயிற்றுநராக வந்து, பல்லாண்டு கைநழுவியிருந்த ஸ்கொட்லாந்துத் தொடர்போட்டி வெற்றியை அதற்கு ஈட்டித்தந்தார் என்பது விளையாட்டுலகின் இனிய முரண்களுள் ஒன்று.

1972 இன் அரையிறுதியில் மீண்டும் இன்டர் கழகம். இரு ஆட்டங்களிலும் எவரும் கோல் போடவில்லை. நாணயம் சுண்டும் விதி அதற்குள் ஒழிக்கப்பட்டு, தண்ட உதைகளால் முடிவு காணும் விதி வந்திருந்தது. பென்பிக்காவுடனான ஆட்டத்தில் செல்டிக்குக்கு அருள்செய்த விதி போய்விட்டது. புதிதாய் வந்த விதி அதற்குப் பகையாயிற்று. டிக்சி டீன்ஸ் உதைத்த பந்து கம்பத்துக்கு மேலாகச் சென்றது. செல்டிக் 5க்கு 4 எனத் தோற்றது. கிளாஸ்கோ முழுவதும் துயருற்ற அந்த இரவுக்குப் பின் மூன்று வாரமும் ஆகாமுன்னர், ஸ்கொட்லாந்துக் கிண்ணத்தின் இறுதியாட்டத்தில் அதே டீன்ஸ் 3 கோல்களைப் போட்டார். தவறியவனைத் தள்ளிவிடாது மறுபடியும் களத்தில் இறக்கிய ஸ்டீனின் மனப்பாங்கு ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் ஏற்றதாகும். 1974 இல் மற்றுமோர் அரையிறுதி. மட்ரிட் நகரத்து அத்லெற்றிக்கோ கழகம் கிளாஸ்கோவில் முரட்டாட்டம் ஆடி மூன்று வீரர்களை இழந்தும் கோல் கொடாது தப்பியது. பின்னர் தன் மைதானத்தில் 2 கோல்களால் வென்றது. எட்டாண்டுகளில் நான்கு அரையிறுதிகளும் இரண்டு இறுதியாட்டங்களும் ஐரோப்பியக் கிண்ணத்தில் மட்டும் கிட்டின. அக்காலத்திலேயே உள்நாட்டுத் தொடர்போட்டியை அது ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து வென்றது. இது குருட்டதிர்ஷ்டத்தின் வேலையன்று.

இனி இரண்டாம் வினாவுக்கு வருவோம். அவ்வெற்றி ஏன் மீண்டும் வாய்க்கவில்லை? ஸ்டீன் 1978 இல் பதவி நீங்கினார். 1985 இல் ஸ்கொட்லாந்து அணியின் முகாமையாளராக வேல்ஸ் நாட்டில் ஓர் ஆட்டத்தை நடத்திக்கொண்டிருந்த இரவிலேயே உயிர்நீத்தார். அவர் வளர்த்த திறமைமிக்க இளைஞர் கெனி டல்கிளிஷ் 1977 இல் லிவர்பூல் கழகத்துக்குச் சென்று அங்கே மூன்று ஐரோப்பியக் கிண்ணங்களைப் பெற்றார். வளர்ப்பது கிளாஸ்கோ, அறுவடை செய்வது பெருங்கழகம் என்ற நிலை அப்போதே தோன்றிவிட்டது. ஆயினும், ஸ்கொட்லாந்து மண்ணின் வளம் அன்று முற்றாக வற்றிவிடவில்லை. 1972 இல் ரேஞ்சர்ஸ் கழகமும் 1983 இல் அபர்டீன் கழகமும் கிண்ண வெற்றியாளருக்கான ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றன. ரியல் மட்ரிட் கழகத்தை வென்ற அபர்டீன் அணியின் பதினொருவரும் ஸ்கொட்லாந்தினரே.

பெரும் மாற்றம் 1990 களிலே ஏற்பட்டது. 1992 இல் ஐரோப்பியக் கிண்ணம் பெயரும் வடிவமும் மாறியது. தொலைக்காட்சியின் பணம் வெள்ளமெனப் பாய்ந்தது. அப்பணம் மக்கட்டொகை மிகுந்த நாடுகளின் கழகங்களுக்கே பெரும்பங்காகச் சென்றது. ஏறத்தாழ ஐம்பது இலட்சம் மக்களைக் கொண்ட ஸ்கொட்லாந்தின் தொலைக்காட்சி உரிமைக்கு எவர் பெருந்தொகை கொடுப்பர்? 1995 ஆம் ஆண்டு டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம், பெல்ஜிய வீரர் பொஸ்மன் என்பவரின் வழக்கில் அளித்த தீர்ப்பு மற்றொரு திருப்பமாயிற்று. ஒப்பந்தம் முடிந்த வீரர் விலையின்றி வேறு கழகத்துக்குச் செல்லலாம் என்றும், ஐரோப்பிய ஒன்றிய நாட்டவருக்கு எண்ணிக்கை வரம்பு விதிக்கலாகாது என்றும் அத்தீர்ப்புக் கூறியது. உழைப்பாளியின் உரிமை என்ற நோக்கில் அது நீதியானதே. அடிமைபோலக் கட்டுண்டு கிடந்த வீரனுக்கு அது விடுதலை தந்தது. ஆனால் அதன் பயனாகத் திறமை முழுவதும் பணமுள்ள இடத்தைத் தேடி ஓடியது. நீதியான ஒன்றும் சிலருக்கு இழப்பைத் தரக்கூடும் என்பதற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு.

இப்புதிய உலகிலும் செல்டிக் தலைதூக்காமல் இல்லை. 2003 இல், யூஈஎஃப்ஏ கிண்ணத்தின் வழியிலே பிளக்பேர்ன், ஸ்ருட்கார்ட், லிவர்பூல் போன்ற கழகங்களை வென்று, ஸ்பெயினின் செவில் நகரில் நடைபெற்ற இறுதியாட்டத்தை அது எட்டியது. எண்பதினாயிரம் அளவினரான ஆதரவாளர் அந்நகருக்குச் சென்றனர் என மதிப்பிடப்பட்டது. சுவீடன் வீரர் ஹென்ரிக் லார்சன் தலையால் முட்டி 2 கோல்கள் போட்டும், போர்த்துக்கலின் போர்ட்டோ கழகம் மேலதிக நேரத்தில் 3 கோல்களுக்கு 2 என வென்றது. தோற்ற அணியின் ஆதரவாளர் காட்டிய பண்புக்காக உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் அவர்களுக்கு நன்னடத்தை விருது வழங்கியது. அன்று களமிறங்கிய பதினொருவருள் ஸ்கொட்லாந்தில் பிறந்தோர் இருவரே. 1967 க்கும் 2003 க்கும் இடையில் நிகழ்ந்த மாற்றத்தை இந்த ஓர் எண் உரைத்துவிடும்.

அதன்பின் வந்த ஆண்டுகள் ஏற்றமும் இறக்கமும் கலந்தவை. 2006 இல் ஜப்பானியர் நகமுராவின் உதையால் மன்செஸ்டர் யுனைட்டட் கழகம் தோற்றது. 2012 நவம்பர் 7 ஆம் திகதி, கழகம் தோன்றி 125 ஆண்டுகள் நிறைந்த மறுநாள், பார்சிலோனா கழகத்தைச் செல்டிக் 2 கோல்களுக்கு 1 என வென்றது. கோல் போட்ட இருவருள் ஒருவர் கென்யா நாட்டின் வன்யாமா. மற்றவர் கிளாஸ்கோவின் அயலிலே வளர்ந்த 18 வயது இளைஞர் டோனி வொட். ஆனால் 2016 இல் அதே பார்சிலோனாவிடம் 7 கோல்களாலும், 2017 இல் பாரிஸ் கழகத்திடமும் 2024 இல் டோர்ட்முண்ட் கழகத்திடமும் 7க்கு 1 எனவும் அது தோற்றது. 2025 பெப்ரவரியில் மியூனிக் நகரத்து பயேர்ன் கழகத்தின் மைதானத்தில் முன்னிலை பெற்றிருந்தும், ஆட்டம் முடியும் கணத்திற் கொடுத்த கோலால் வெளியேறியது.

இவற்றையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்ப்போர், செல்டிக் கழகத்தின் பன்னாட்டு வரலாறு ஓர் உயர்ந்த மலையும் அதன் அடிவாரத்து நீண்ட சரிவுமே என்று கூறக்கூடும். அது முழுவதும் சரியன்று. மாறியது மண்ணன்று, சந்தை. கிளாஸ்கோவின் தெருக்களில் இன்றும் பிள்ளைகள் பந்துதைக்கிறார்கள். அவர்களுள் சிறந்தவன் இருபது வயதை எட்டுமுன்னர் அவனுக்கு விலை பேச வேறு நாடுகளிலிருந்து ஆள் வருகிறது. பதினொருவரையும் ஒன்றாக வளர்த்து, ஒன்றாக வைத்திருந்து, ஒன்றாக ஆடச்செய்யும் காலஅவகாசம் எந்தச் சிறுநாட்டுக் கழகத்துக்கும் கிடைப்பதில்லை. 1967 இல் ஸ்டீனுக்குக் கிடைத்த பெருஞ்செல்வம் அந்த அவகாசமேயாகும்.

சிம்சன், ஜோன்ஸ்டன், மேர்டொக், ஜெமல், ஓல்ட் ஆகியோர் காலமாகிவிட்டனர். அணித்தலைவர் மக்னீலும் வெற்றிக் கோலைப் போட்ட சாமர்சும் 2019 ஏப்ரலில் ஒரே வாரத்தில் மறைந்தனர். செல்டிக் மைதானத்தின் முன்னே அருட்சகோதரர் வோல்பிரிட்டின் சிலையும் ஸ்டீனின் சிலையும் நிற்கின்றன. பசித்த பிள்ளைகளுக்கு உணவளிக்க எண்ணிய பாடசாலை அதிபர் ஒருவர். அப்பிள்ளைகளின் வழிவந்தோரை ஐரோப்பாவின் உச்சிக்கு இட்டுச்சென்ற சுரங்கத் தொழிலாளி ஒருவர். இருவரும் வெளியே தேடிச் செல்லாது, தம் வாசலில் நின்ற பிள்ளைகளையே நம்பினர். கிண்ணங்களின் எண்ணிக்கையில் செல்டிக்கை விஞ்சிய கழகங்கள் பலவுண்டு. இனியும் பல தோன்றும். அயலிற் பிறந்த பிள்ளைகளைக் கொண்டே ஒரு கண்டத்தை வென்ற கழகம் எது என்று கேட்டால், விடையாகச் சொல்லத்தக்க பெயர்களுள் முதலாவது செல்டிக் என்பதேயாகும்.